கல்லூரியில் எதைப் படிப்பது: சுற்றுச்சூழல் அறிவியலா, சுற்றுச்சூழல் பொறியியலா, இல்லை பேசாமல் வேதியியலா?

ஒரு ஏரி பாசி பிடித்துப் பச்சையாகி, மீன்கள் செத்து மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் என்ன செய்ய உங்களுக்குக் கை துறுதுறுக்கிறது? தண்ணீரை எடுத்துவந்து அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கவா, கழிவுநீர் ஏரிக்கு வராதபடி ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டவா, இல்லை அந்த அழுக்கு எங்கே கிளம்பி எந்த வழியாக வந்து யார் தலையில் விடிகிறது என்று முழுக்கதையையும் பிடிக்கவா? முதலாவது வேதியியல், இரண்டாவது சுற்றுச்சூழல் பொறியியல், மூன்றாவதுதான் சுற்றுச்சூழல் அறிவியல். பெயர் ஒட்டியிருப்பதால் பின்னிரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு அப்புறம் விழிப்பவர்கள் உண்டு.

பொறியியலைச் சட்டென்று முடித்துவிடலாம், அதில் குழப்பம் குறைவு. கணிதம், நீர் ஓட்டம், பம்ப், தொட்டி. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்த, நுண்ணுயிர்களை வளர்த்து அவற்றையே கழிவைத் தின்னவைக்கும் முறை இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை வடிவமைக்கவும் ஓட்டவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்கான பாதை மூன்றில் இதில்தான் தெளிவு. காட்டில் பறவை எண்ணும் கனவோடு இங்கே வரவேண்டாம், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல் அறிவியல் எப்படிப்பட்டது என்று கேட்டால் நான் காட்டுவது கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள 226-ஆம் எண் ஏரியைத்தான். 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழு அந்த ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சைப் பசேல் என்று மாறியது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டை (அதில்தான் இந்தப் பாஸ்பரஸ் இருக்கிறது) குறைக்கவேண்டும் என்று வாதாடியவர்களுக்குப் பெரிய பலம். வேதியியல், பாசி, வீட்டுச் சலவை, சட்டம் எல்லாம் ஒரே நூலில் கோத்துக் கிடப்பதைப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பு.

அதன் பலவீனமும் அதிலேதான் இருக்கிறது. கொஞ்சம் மண், கொஞ்சம் சூழலியல், கொஞ்சம் சட்டம் என்று மூன்று நான்கு ஆண்டுகள் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வெளியே வந்தால், 'உனக்கு என்னதான் செய்யத் தெரியும்?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அதனால் ஒன்றையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் புள்ளியியலும் ஜி.ஐ.எஸ்.ஸும் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை). லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம், கல்லூரி சொல்லித்தராவிட்டாலும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வேலைக்குப் போனாலும் (1970-ல் அமெரிக்காவில் சட்டமாக வந்து பிறகு நாடு நாடாகப் பரவியது அது) வரைபடம் போடத் தெரிந்தவருக்குத்தான் முதல் மரியாதை.

சரி, வேதியியல். வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை 1958 முதல் ஹவாயின் மௌனா லோவா மலையில் விடாமல் அளந்த சார்லஸ் கீலிங் வேதியியல்காரர். ஸ்பிரே டப்பாவிலும் குளிர்பதனப் பெட்டியிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோனை அரிக்கும் என்று 1974-ல் சொன்ன ரோலண்டும் மொலினாவும் அப்படியே. 1995-ல் அவர்களோடு நோபல் பகிர்ந்த க்ருட்ஸன் மட்டும் சிவில் படித்துப் பாலம் கட்டும் வேலையில் இருந்தவர், ஆகவே பட்டத்தின் பெயரை ரொம்பவும் நம்பவேண்டாம். வேதியியல் முடித்துவிட்டு முதுகலையில் சுற்றுச்சூழலுக்குத் தாவுவது எளிது, மறுபக்கத்திலிருந்து இங்கே வருவதுதான் மலையேற்றம். ஆனால் ஒரு ஆற்றங்கரைகூடப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் கரிம வினைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், பாதியில் ஆர்வம் செத்துப்போனால் அந்த முதுகலைக்கு யார் போவது?

எந்தப் பக்கமும் மனசு உறுதியாகச் சாயாதவர் என்றால் நான் வேதியியல் என்பேன். வெளியே போய்ச் சேற்றில் இறங்கினால்தான் படிப்பே ஏறும் என்பவர் சுற்றுச்சூழல் அறிவியலுக்கே போகலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புள்ளியியல் குறைந்தது இரண்டு தாள், ஆய்வகத்தோடு வேதியியல், அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் களப்பணி. இதில் இரண்டு இல்லையென்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.