ஐம்பது வெள்ளி முன்பணமும் ஒரு பிஸ்கட் டின்னும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா வீடு இருக்கும்போது அதே ஊரில் ஓட்டலில் தங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் போன மாதம் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில், ஒரே குளியலறைக்குப் பதினாறு பேர், அதிலும் இரண்டு பேர் உள்ளே போனால் ஒரு மணி நேரம் வெளியே வரமாட்டார்கள். சரி, பெரிய சாலையில் கடைவீடுகளுக்கு மேலே இருக்கும் ஓட்டலில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டேன். பெயர் எழுதப் போவதில்லை. கவுண்டரில் இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை, என்னால் அதன் வேலைக்கு ஆபத்து வர வேண்டாம்.

அறைக்கு ஓர் இரவு 98 வெள்ளி (ரிங்கிட்). துண்டு வெள்ளையாக இருந்தது, ஏர்கோன் குளிர்ந்தது, வெந்நீர் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், கீழே இறங்கினால் ரொட்டி சானாய். அறையைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது சாவிக்குப் பதிலாகக் கொடுக்கும் அந்தக் கதவுக் கார்டைப் பற்றி.

உள்ளே போகும்போதே 50 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு, ரசீதோடு ஒரு வெள்ளைக் கார்டைக் கொடுத்தார்கள். கார்டில் ஓட்டல் பெயர் அச்சடித்திருந்தது, அதன் கீழே மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் 207. கல்யாண மண்டபத்தில் சட்டைப்பையிலிருந்து விழுந்தால், எடுப்பவனுக்கு எந்த ஓட்டல், எந்த அறை என்று விலாசத்தோடு சாவியைக் கொடுத்த மாதிரி. தோட்டத்து லயத்தில் எங்கள் தாத்தா வீட்டுக்குப் பூட்டே கிடையாது, ஒரு மரத் தாழ்ப்பாள்தான். அதுகூட இதைவிடப் பாதுகாப்பு என்று தோன்றியது. அறை எண்ணைத் தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கிளம்பிய அன்று காலை ஆறரைக்குக் கவுண்டரில் யாரும் இல்லை. மேசை மேல் மூடி இல்லாத ஒரு பழைய பிஸ்கட் டின். எட்டிப் பார்த்தேன். முந்தின விருந்தினர்கள் போட்டுவிட்டுப் போன கார்டுகள், முப்பது நாற்பது இருக்கும், ஒவ்வொன்றிலும் அறை எண், மேலே ஒரு ரப்பர் வளையமும் ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும். நானும் போட்டிருப்பேன், முன்பணம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் அம்மா போன், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பலகாரத் தட்டு இன்னும் வரவில்லை என்று. காடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று சாயங்காலம் கோலாலம்பூர் திரும்பும்போது தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, சில்லறைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டால் 207 சிரிக்கிறது.

குடும்பக் குழுவில் படம் போட்டு விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், சித்தப்பா பெரிய எச்சரிக்கையே அனுப்பிவிட்டார்: அந்தக் கார்டில் உன் பெயர், விலாசம், கடன் அட்டை எண் எல்லாம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்காதே, கத்தரித்து எறி. சித்தப்பா மேல் தப்பில்லை. இந்தக் கதை 2003ல் கலிபோர்னியாவில் பாசடீனா காவல்துறையிலிருந்து கிளம்பி மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. அந்தக் காவல்துறையே பிறகு மறுத்தும் கதை நிற்கவில்லை. 2006ல் கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகை வெவ்வேறு ஓட்டல்களின் நூறு கார்டுகளை வாங்கிப் படித்துப் பார்த்தது, ஒன்றில்கூடத் தனிப்பட்ட விவரம் எதுவும் கிடைக்கவில்லை. பொதுவாக இந்தக் கார்டில் இருப்பது கதவுக்கான குறியீடும் எந்த நாள் எந்த மணி வரை செல்லும் என்பதும்தான்.

எனக்கு ரொம்ப நாளாகத் தெரியாத இன்னொன்று உண்டு. இந்த மாதிரி ஓட்டல்களில் கதவுப் பூட்டுக்கும் கவுண்டருக்கும் பெரும்பாலும் தொடர்பே கிடையாது. பூட்டு பேட்டரியில் தனியாக ஓடுகிறது, கார்டு சொல்வதைத்தான் கேட்கும். அதனால் நான் காலை ஆறரைக்கே போய்விட்டேன் என்பது கதவுக்குத் தெரியாது. கார்டில் பதிந்த மதியம் 12 மணி வரை, அல்லது அடுத்த ஆள் புதுக் கார்டை வைக்கும் வரை, என் கார்டு அதைத் திறக்கும். இப்போது அந்த டின்னை நினைத்துப் பாருங்கள். காலையில் சீக்கிரம் கிளம்பியவர்களின் கார்டுகள், எண்ணோடு, யாரும் இல்லாத மேசை மேல். அறையில் சார்ஜரை விட்டுவிட்டுக் கிளம்பியவன் திரும்பி வருவதற்குள் வேறொருவன் எடுத்துக்கொண்டு போகலாம்.

காலாவதியான கார்டு வெறும் பிளாஸ்டிக்தானே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. 2024 மார்ச்சில் சில ஆய்வாளர்கள் சாஃப்லோக் வகைப் பூட்டுகளில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். 131 நாடுகளில் சுமார் 30 லட்சம் கதவுகளில் இருக்கும் பூட்டு அது. ஓர் ஓட்டலின் ஏதாவது ஒரு கார்டு கிடைத்தால், அது காலாவதியானதாக இருந்தாலும், அதைப் படித்து அந்த ஓட்டலின் எந்த அறையையும் திறக்கும் இரண்டு கார்டுகளைத் தயாரித்துவிடலாம். பூட்டுகளைச் சரிசெய்யும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நான் தங்கிய இடத்துக் கதவில் வேறு பெயர்தான் இருந்தது, ஆனாலும் மூடியில்லாத டின் டின்தான்.

ஆக, கிளம்பும்போது கார்டை ஆள் கையில் கொடுங்கள். அவர்கள் அதையே அடுத்தவருக்கு மறுபடி எழுதிக் கொடுப்பார்கள், உங்கள் முன்பணமும் கையோடு வரும். மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டால் தபாலில் அனுப்பலாம், இல்லையென்றால் கத்தரித்துக் குப்பையில் போடலாம். நம் ஊரில் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்துகிற பழக்கம் இருக்கிறதே, அதில் மட்டும் போடாதீர்கள். பல கார்டுகள் பிவிசி பிளாஸ்டிக், எரித்தால் நெஞ்சை அடைக்கும் அமிலப் புகை வரும். அம்மாவிடம் இப்படி வந்து சேர்ந்த மூன்று கார்டுகள் இருக்கின்றன. ஒன்றால் கிரைண்டர் கல்லில் ஒட்டிய உளுந்து மாவை வழிக்கிறார், ஒரு சொட்டு மிச்சம் வைக்காது, அகப்பையைவிட நல்லது என்று சொல்கிறார். இன்னொன்று சாமி மேடையில் உறைந்த மெழுகைச் சுரண்ட. மூன்றாவது எதற்கென்று அவருக்கே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மறுவீட்டு விருந்துக்குப் போனபோது 207ஐக் கையோடு எடுத்துப் போனேன். முதலில் மாடி ஏறி, அறையில் யாரும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, கதவில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு இரண்டு தடவை மின்னியது, திறக்கவில்லை. மனசு நிம்மதி. கீழே வந்து ரசீதை நீட்டினால், அந்தப் பிள்ளை இழுப்பறையிலிருந்து 207 என்று எழுதிய உறையை எடுத்து, "அண்ணே, அன்னிக்கே போன் பண்ணோம், நீங்க எடுக்கல" என்று 50 வெள்ளியைக் கொடுத்தது. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடலாம். டின்னைப் பற்றிச் சொன்னேன். ஆமாண்ணே என்று தலையாட்டிக்கொண்டே என் கார்டை வாங்கி அதே டின்னில் போட்டது, பிறகு ஒரு கணம் யோசித்து டின்னைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தது.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த கல்யாணத்துக்கும் அங்கேதான் தங்குவேன். சாலைப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம், விடிகாலை நாலு மணிக்கே செம்பனை லோரிகள் கிளம்பிவிடும். ராத்திரி உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளுங்கள்.