இடுப்பு பிரமாதம், கணுக்கால் சுமார்: ரசிகர் ஒருவர் வடிவமைத்த லெகோ ரோபோ

இது லெகோ நிறுவனத்தின் பெட்டியில் வரும் சரக்கு இல்லை. ரசிகர் ஒருவர் தானே வடிவமைத்து, கட்டும் முறையை மட்டும் பிடிஎஃப்பாக விற்கிறார், பாகங்களை நாம்தான் பிரிக்லிங்க் மாதிரி இணையச் சந்தையில் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு அடி உயரம் இருக்கும், மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற மெக்கா வகை ரோபோ, முதுகில் ராக்கெட், கையில் கிட்டத்தட்ட தன் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. பொறுமை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்பேன், ஆனால் கணுக்காலை நீங்களே மாற்றிக் கட்ட வேண்டி வரும்.

முதலில் இடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ரோபோவில் மொத்த எடையும் அங்கேதான் வந்து இறங்கும். லெகோ நிறுவனமே 2018-ல் கொண்டுவந்த வோல்ட்ரான் ரோபோ, அதுவும் ஒரு ரசிகரின் யோசனையில் பிறந்ததுதான், 2321 பாகங்களோடு கம்பீரமாக நிற்கும், ஆனால் முட்டி மடங்காது. நம் ரோபோவை வடிவமைத்தவர் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. இடுப்புக்குள் டெக்னிக் பீம்களால், அதாவது துளை வைத்த நீளப் பட்டைகளால், ஒரு எலும்புக்கூடு கட்டி, இரண்டு பக்கமும் கிளிக் ஹின்ஜை, அதாவது பல் வைத்த கீலை, ஜோடியாகப் பூட்டியிருக்கிறார். லெகோவின் மிக்சல்ஸ் என்ற பொம்மை வரிசையோடு 2014-ல் வந்த குட்டி பால் ஜாயின்ட்டை (கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டு) இங்கே போட்டிருந்தால் கால் எல்லாப் பக்கமும் திரும்பும், சரி, ஆனால் அது உராய்வை மட்டுமே நம்பி நிற்பது, இவ்வளவு எடையை அதன் மேல் ஏற்றினால் ரோபோ மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடும். கிளிக் ஹின்ஜ் பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளும், தானாக நழுவாது. தொடையை முன்னால் தள்ளும்போது கடக் கடக்கென்று விழுகிற அந்தச் சத்தத்திலேயே மனசு நிறைந்துவிடுகிறது.

அந்தப் பல்லால் வரும் சிக்கல்தான் கணுக்காலில் தெரிகிறது. ஒரு கிளிக் என்பது 22.5 டிகிரி, நடுவில் எங்கேயும் நிறுத்த முடியாது. தொடையை ஒரு கிளிக் முன்னால் வைத்து முட்டியை ஒரு கிளிக் பின்னால் மடக்கினால் பாதம் தரையில் சமமாக உட்காரும். முட்டியை இரண்டு கிளிக் மடக்கினால் மிச்சக் கோணம் முழுவதையும் கணுக்கால்தான் தாங்க வேண்டும், அங்கே அவர் வைத்திருப்பதோ ஒரே ஒரு குட்டி பால் ஜாயின்ட். துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் ரோபோ முன்னால் சாய்கிறது. கணினியில் வடிவமைக்கும்போது திரையில் ஈர்ப்பு விசை இல்லை, படத்தில் பார்த்தால் எந்த ரோபோவும் ஒற்றைக்காலில்கூட நிற்கும்! நான் இரண்டு பால் ஜாயின்ட்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மாற்றிக் கட்டினேன். பக்கவாட்டில் சாய்க்க முடியாமல் போகிறது, ஆனால் முன்னும் பின்னும் பிடிமானம் நன்றாக இறுகிவிட்டது, இப்போது துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடியே நிற்கிறது.

தோள் கவசத்தை மட்டும் தனியாகக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிளேட்டுகளை, அதாவது தட்டையான பாகங்களை, படுக்க வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி அடுக்கியிருக்கிறார். ஒரு பிளேட் 3.2 மில்லிமீட்டர், ஐந்து அடுக்கினால் 16, பாகத்தின் மேல் இருக்கும் குமிழான ஸ்டட் இரண்டு சேர்ந்த அகலமும் அதே 16. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போகிற அடுக்கையும் பக்கவாட்டில் போகிற அடுக்கையும் இடைவெளியே தெரியாமல் சேர்த்திருக்கிறார், வெளியே ஒரு ஸ்டட்கூடத் தலைகாட்டவில்லை. ராக்கெட்டும் தலையும் பரவாயில்லை ரகம்.

பிடிஎஃப் தெளிவாகத்தான் இருக்கிறது, கறுப்புக்குப் பக்கத்தில் அடர் சாம்பல் வரும் பக்கங்களில் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது பாகப் பட்டியலில். அடர் சிவப்பில் ஒரு வளைவுப் பாகம் எட்டு கேட்கிறார், அந்த நிறத்தில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதில் நான்கு தோளுக்கு உள்ளே போய் மறைந்துவிடுகின்றன, எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான். அதை ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

அப்புறம் பழைய பாகம் வாங்குகிறவர்கள் சாம்பல் நிறத்தில் கவனமாக இருங்கள். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையே மாற்றியது, அதற்கு முந்தையது லேசாக மஞ்சளடிக்கும், பிந்தையது நீலமடிக்கும், இரண்டையும் கலந்து கவசம் கட்டினால் திட்டுத்திட்டாகத் தெரியும். கிளிக் ஹின்ஜைப் புதிதாகவே வாங்குங்கள், பழையதில் பல் தேய்ந்திருக்கலாம். கணுக்காலுக்குக் கூடுதலாக இரண்டு ஜோடி பால் ஜாயின்ட்டையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.