பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த ஸ்கிப்பிங் கயிறு? கடையில் கிடைக்கும் வகைகள் பற்றி ஒரு மதிப்பீடு

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் வலுப்படும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இந்த இரண்டுக்கும் உதவும் மலிவான பொருள் ஸ்கிப்பிங் கயிறு. சீனாவில் தொடக்கப் பள்ளி மாணவர்களின் உடல்திறன் தேர்வில் ஒரு நிமிட ஸ்கிப்பிங்கும் உண்டு. இங்கே பல வீடுகளில் வாங்கிய கயிறு சில நாளிலேயே ஆணிக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்குச் சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் கயிற்றின் எடையையும் நீளத்தையும் பாருங்கள்.

மரக் கைப்பிடி வைத்த பருத்திக் கயிறு பார்க்க அழகு, ஆனால் ஆடுவதற்கு எடை போதாது. சுற்றும்போது நடுவில் தொய்ந்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு வேகப் போட்டிக்கானது. காலில் பட்டால் தடித்துப் போகும். அந்த வலி ஒன்றே போதும், பிள்ளை மறுபடி கயிற்றைத் தொடாது.

எண்ணிக்கை காட்டும் கைப்பிடி கணக்கிடுவது கயிறு சுற்றுவதைத்தான், தாண்டியதை அல்ல. அதற்குள் பட்டன் பேட்டரி இருந்தால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது.

5 மி.மீ. பி.வி.சி. கயிறு ஓரளவு பழகிய பிள்ளைக்கு நல்லது. பாக்கெட்டில் சுருண்டே கிடந்ததால் நேராக வராமல் படுத்தும். கொதிக்காத சுடுநீரில் கயிற்றை மட்டும் இரண்டு நிமிடம் பெரியவர் ஒருவர் அமிழ்த்தி எடுத்து, நேராக்கித் தொங்கவிட்டால் சுருள் போகும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.

எங்கள் தேர்வு மணிக்கயிறு. நைலான் நூலில் ஓர் அங்குல அளவு பிளாஸ்டிக் மணிகளை நெருக்கமாகக் கோத்தது. எடை இருப்பதால் வளைவு கலையாமல் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் தரையில் 'டக்' என்று தட்டும், அந்தச் சத்தத்துக்குக் கால் தானாகப் பழகிக்கொள்ளும். வாங்குமுன் ஒரு மணியை விரலால் அழுத்திப் பாருங்கள். சற்றே நெகிழ வேண்டும். கண்ணாடி போல விறைப்பாக இருந்தால் சிமெண்டில் அடிபட்டு உடையும்.

நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் வாங்கும் 9 அடிக் கயிறு பெரியவர்களுக்கானது. கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து இரு முனைகளையும் மேலே இழுத்தால், கைப்பிடியின் நுனி அக்குளைத் தொட வேண்டும். 120 செ.மீ. உயரப் பிள்ளைக்குக் கைப்பிடியோடு சேர்த்து ஏறக்குறைய 6 அடி வரும். நீளம் கூடினால் பிள்ளை கைகளை அகல விரிக்கும், கயிறு முன்னாலேயே தரையில் அடித்துத் துள்ளிக் காலில் மாட்டும். குறைந்தால் கூன் போட்டுக் குதிக்கும்.

மணிக்கயிற்றைக் குறைப்பது எளிது. கைப்பிடி முனையில் உள்ள முடிச்சை அவிழ்த்து, வேண்டிய மணிகளை உருவி, மறுபடி முடியுங்கள். ஒன்றிரண்டு செ.மீ. தளர்வு இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் கயிறு கம்பு மாதிரி விறைக்கும், அதிகம் தளர்ந்தால் மணிகளுக்கு நடுவே நூல் தெரிந்து அறுபடும். நூலை வெட்டினால் நுனியைத் தீக்குச்சியால் உருக்கிவிடுங்கள், பிரியாது. உருவிய மணிகளை எறிந்துவிடாதீர்கள், பிள்ளை வளர வளரக் கோக்கலாம்.

பழக்கும்போது முதலில் கயிறில்லாமல் குதிக்கட்டும். அடுத்து இரு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுற்றியபடி, சத்தத்துக்கு ஏற்பக் குதிக்க வேண்டும். பிறகுதான் தாண்டல். ஓர் அங்குல உயரம் போதும், முன்பாதத்தில் இறங்கி முழங்காலைச் சற்று மடக்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் சுழல வேண்டும். 20 விநாடி ஆட்டம், 20 விநாடி ஓய்வு என்று 10 முறை செய்தால் ஏழு நிமிடம்கூட ஆகாது. காலை, மாலை என்று பிரித்துச் செய்யலாம். மண் தரையும் ரப்பர் பாயும் நல்லவை. ஈரமான டைல்ஸ் வழுக்கும். கெண்டைக்கால் வலித்தால் ஒருநாள் விட்டு மறுநாள் தொடங்கலாம்.

பி.டி. பீரியடுக்கு வாங்கும் ஆசிரியர்கள் தனிக் கயிறுகளோடு 5 மீட்டர் நீளக் கயிறு ஒன்றிரண்டும் சேர்த்து வாங்கலாம். இருவர் சுற்ற, எட்டுப் பேர் வரிசையாக நுழைந்து வெளியேறலாம். சுற்றுபவர்களை ஒவ்வொரு நிமிடமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கூச்சப்படும் பிள்ளைகள் கடைசி வரை சுற்றிக்கொண்டே நின்றுவிடுவார்கள்.