ஜெர்மனியில் கல்யாணம் பதிவு செய்ய ‘அப்போஸ்டில் பேக்கேஜ்’ விற்கிறார்கள். 46,500 ரூபாய் போச்சு, யாரும் கட்டாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜெர்மன் குடியுரிமை உள்ள ஒருவரை அங்கேயே பதிவுத் திருமணம் செய்ய என் தங்கைக்குக் காகிதங்கள் தேவைப்பட்டன. சான்றிதழ் அட்டெஸ்டேஷன் செய்து தரும் ஒரு ஏஜென்சியில் 46,500 ரூபாய் கட்டினோம். கைக்கு வந்தது நான்கு அப்போஸ்டில் ஸ்டிக்கர், அதாவது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டுக்காக நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று. பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் சான்றிதழ், தங்கையின் அஃபிடவிட், பெற்றோரின் அஃபிடவிட் ஆகிய நான்கின் பின்பக்கமும் ஒவ்வொன்று. நான்கும் அசல்தான். ஆனால் ஜெர்மனியில் ஒன்றுகூடச் செல்லாது.

காரணம் எளிது. நாடுகள் ஒன்றின் அப்போஸ்டிலை இன்னொன்று ஏற்பதற்கான ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2004-இல் சேர்ந்தது, 2005-இல் அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சேர்க்கைக்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரண்டு நாடுகளுக்கு இடையே அந்த உடன்படிக்கை நடைமுறையில் இல்லை. இங்குள்ள ஜெர்மன் தூதரகங்கள் நம் ஆவணங்களுக்கு முத்திரை போட்டுக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டன. அங்கே திருமணத்தைப் பதிவு செய்யும் ஸ்டாண்டஸ்அம்ட் கேட்டுக்கொண்டால், தூதரகம் ஆள் வைத்து நம் சான்றிதழ்களை இங்கே நேரில் சரிபார்க்கும். அதற்கான கட்டணத்தை ஸ்டாண்டஸ்அம்ட் சொல்லும், அங்கேயே கட்ட வேண்டும். இதில் ஏஜென்சிக்கு வேலையே இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய், சேவைக் கட்டணமும் மாநில அளவிலான சான்றொப்பமும் தனி. அதையெல்லாம் சேர்த்தாலும் 46,500 எங்கே வருகிறது?

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் பெயர் முழுசாகச் சர்நேமாக. “இது ரிஜெக்ட் ஆகும் சார், முதல்ல இதைச் சரி பண்ணணும்” என்று விரல் வைத்துக் காட்டினார். அது உண்மையான சிக்கல். நம் பக்கத்து ஆவணங்கள் அதிகம் மாட்டுவது அங்கேதான். ஒரு சரியான விஷயத்தைச் சொல்லி நம்பிக்கையைப் பிடித்துவிட்டு, செல்லாத சரக்கைத் தலையில் கட்டினார். தினமும் இதே தொழில் செய்பவருக்கு ஜெர்மனி விஷயம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஸ்டாண்டஸ்அம்ட் ஸ்டிக்கரைக் கண்டுகொள்ளவே இல்லை, சரிபார்ப்புக்குத்தான் அனுப்புவோம் என்று எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தை ஏஜென்சிக்கு அனுப்பினோம். முதலில் “அந்த ஊர் ஆஃபீசருக்கு ரூல் தெரியல சார்.” பிறகு “மேனேஜர் லீவு.” பிறகு “ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாச்சு, எங்க வேலை முடிஞ்சது.” இப்போது வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 46,500 ரூபாய்க்கு இதுதான் சர்வீஸ்.

பணத்தைவிட வயிறெரிவது காலம் போனதற்கு. திருமணமாகாதவர் சான்றிதழ் பழசானால் புதிதாகக் கேட்பார்கள்; அதைத் தாசில்தாரிடம் மறுபடி வாங்க வேண்டும். திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று சொந்த நாடு தரும் திருமணத் தகுதிச் சான்றை இந்தியா தருவதில்லை. அதனால் ஓஎல்ஜி எனப்படும் ஜெர்மனியின் உயர் மண்டல நீதிமன்றத்திடம் அந்தச் சான்றிலிருந்து விலக்கு வாங்க வேண்டும், ஸ்டாண்டஸ்அம்ட் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அந்த விலக்கு 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் விசாவும் கிடைத்துக் கல்யாணமும் முடிய வேண்டும். விசாவுக்குக் கேட்கும் ஏ1 என்ற அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வை அந்த 6 மாதத்துக்குள் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால் தொலைந்தோம். சரிபார்ப்பு நடக்கும்போதே முடித்து வையுங்கள். இந்த வரிசையை ஏஜென்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

முதலில் அங்குள்ள ஸ்டாண்டஸ்அம்ட்டிடம் தேவையான ஆவணங்களின் பட்டியலை உங்கள் பெயருக்கு எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கு ஊர் வேறுபடும். பட்டியல் வருமுன் யாருக்கும் பைசா கொடுக்காதீர்கள்.

“டூரிஸ்ட் விசாவில் போய்க் கல்யாணம் பண்ணிட்டு அங்கேயே மாத்திக்கலாம்” என்று எங்களிடமும் சொன்னார்கள். வேண்டாம். அங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால் திருமணத்துக்கான தேசிய விசாவில்தான் (நீண்ட காலம் தங்குவதற்கானது) போக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

வேறு நாடு என்றால் கணக்கு வேறு. கனடா 2024 ஜனவரியிலிருந்து அப்போஸ்டிலை ஏற்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையிலேயே இல்லை, அங்கே தூதரக அட்டெஸ்டேஷன்தான்.

அசல் சான்றிதழ்களை ஏஜென்சியில் விட்டு வராதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம்.

ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். எங்களுடையதில் ‘டாக்குமெண்டேஷன் சார்ஜ் 46,500’ என்று மட்டும் இருக்கிறது. ஜெர்மனி என்ற பெயரே இல்லை. பதில் நிற்பதற்கு முன் அதைத்தான் காட்டி “நாங்க எந்த நாட்டுக்குன்னு சொல்லவே இல்லையே” என்றார்கள்.