"ரெண்டும் டோக்கியோதானே" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுக்காதீர்கள்

வயதான பெற்றோரை இடையில் விமானம் மாறும்படி அனுப்பப் போகிறவர்கள், ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பா அம்மாவுக்காக ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் 'விமான தூரம்', 'பயண நேரம்' என்று இரண்டு கட்டங்கள் பெரிதாக இருந்தன. கீழே, டோக்கியோ வரை ஒரு விமானம், டோக்கியோவிலிருந்து இன்னொன்று, நடுவில் மூன்று மணி நேரம். எந்த விமான நிலையம் என்று எங்குமே இல்லை. கேட்டதற்கு, "உள்ளேயே மாறிக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார்.

கிளம்பும் நாளன்று செக்-இன் கவுன்ட்டரில்தான் குட்டு வெளிப்பட்டது. டோக்கியோவுக்கு இரண்டு விமான நிலையங்கள்: இறங்குவது நரிட்டாவில், அடுத்த விமானம் புறப்படுவது ஹனேடாவில். பெட்டிக்கு நரிட்டா வரைதான் டேக் போட முடியும் என்றார்கள். அங்கே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய், மறுபடி வரிசையில் நின்று செக்-இன் செய்ய வேண்டும். மூன்று மணி நேரத்தில் நடக்கிற காரியமா? அதற்கும் முன்னால், வெளியே வர ஜப்பான் விசா வேண்டும். அது இல்லாததால் விமானத்தில் ஏற்றவே இல்லை. அம்மா அந்தத் தாளை ஊழியரிடம் மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், "ரெண்டும் டோக்கியோதானே சார்" என்கிறார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

அந்தப் 'பயண நேரம்' எப்படி வந்தது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்திருக்கிறார், அவ்வளவுதான். காத்திருப்பு நேரம்கூடச் சேர்க்கவில்லை. விமானம் அப்படிப் பறப்பதில்லை. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும். அதே தூரம் திரும்பி வர ஏழு மணி நேரம்தான், மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால். ஹெல்சின்கி - டோக்கியோ தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போனார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் சுற்றிப் போவதால் 13 மணி நேரம் வரை ஆகிறது. தூரம் காட்டும் தளங்களின் கணக்கு இதையெல்லாம் சொல்லாது. புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும் என்பதால் வெறுமனே கழித்தாலும் தப்பாகத்தான் வரும்.

என்னை அதிகம் கோபப்படுத்தியது வேறு. அவை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் அந்தப் பேச்சே கிடையாது. இதை அவர் தெரிந்தேதான் மறைத்தார். தாளில் இரண்டு பிஎன்ஆர் எண்களையும் போடாமல் விட்டிருந்தார்.

ஊர்ப் பெயரை விடுங்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை ஏஜென்ட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். நரிட்டா என்ஆர்டி, ஹனேடா எச்என்டி. லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் விஷயத்திலும் இதே ஆபத்து உண்டு. பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, பிஎன்ஆர் ஒன்றா இரண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது டிக்கெட்டின் பணம் இன்னும் வரவில்லை. அவர் அனுப்பிய தாளையும் வாட்ஸ்அப் பேச்சையும் இணைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.