குன்னூர் மூடுபனியில் ஒரு ஜீப்: எனாமலா, அக்ரிலிக்கா?

அப்பாவின் ஷோகேஸில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் 1/35 அளவுப் பிளாஸ்டிக் மாதிரியைக் கடந்த ஐப்பசியில் புதுப்பிக்க எடுத்தேன். அசல் வண்டியின் நீளம் மூன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல். மாதிரி ஒரு சாண்கூட இல்லை. முதலில் எனாமலில் (எண்ணெய் சார்ந்த வண்ணம்) பூசி, அதைக் கழற்றிவிட்டு அக்ரிலிக்கில் (நீரில் கரையும் வண்ணம்) மறுபடி பூசி முடித்தவன் என்பதால், என் சாய்வு அக்ரிலிக் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனாமலுக்குரிய பெருமையை மறுக்க முடியாது. தூரிகைத் தடங்கள் தாமாகவே சமனாகிவிடும்; காய்ந்து இறுகிய பிறகு கையில் எடுத்தாலும் எளிதில் உரியாது. நெடி அதிகம், ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வரும், மூடினால் வீட்டார் வெளியே போவார்கள்.

ஆனால் குன்னூரில் முடிவைத் தீர்மானிப்பது காயும் நேரம்தான். பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சு), ஆலிவ் டிராப் (ராணுவப் பச்சை) அடிவண்ணம், பளபளப்பு வார்னிஷ், டீகால் (ஒட்டும் சின்னங்கள்), வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்), மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் என்று ஆறு அடுக்குகள். ஒன்று இறுகாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. எனாமல் ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி, மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த வாரத்தில் இரண்டு நாள் விட்டுப் பானட்டைப் பிடித்தேன். வெள்ளை நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் ரேகை வரிவரியாகப் பதிந்துவிட்டது. முழுதாக இறுக ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் கம்பளியிலிருந்து பறந்த இழைகள் வேறு வந்து ஒட்டிக்கொண்டன. பிரேக் ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் எல்லாம் கழன்றது. (ஊர்ப் பெருமையாக நீலகிரித் தைலத்தைத் தொட்டுப் பழைய பசையைத் துடைக்கப் போய், சக்கர வளைவில் பிளாஸ்டிக்கையே இளக வைத்தது தனிக் கதை.)

அக்ரிலிக்கில் அதே வேலை வேகமாக நடந்தது. மெல்லிய பூச்சுகளாக இட்டால் அரை மணி நேரத்துக்குள் அடுத்ததை இடலாம். பனி விலகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலேயே அடிவண்ணம் முடிந்துவிட்டது. சின்ன மாதிரியில் அசல் நிறம் கண்ணுக்குக் கூடுதலாகக் கருத்துத் தெரியும் என்பதால், ஆலிவில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். குறையும் உண்டு: சோப்பு நீரில் கழுவாத, பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் விளிம்புகளில் உரிந்துவரும், மார்கழி அதிகாலைக் குளிரில் நீரில் கரையும் அக்ரிலிக் சரியாகப் படலமாகாது, வெயில் ஏறும் வரை காத்திருக்கவேண்டும். ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷ் வெளுத்துப்போவதிலிருந்து எதுவும் தப்பாது. நான் தூரிகைக்காரன்; ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். என் அனுபவமும் ஒரே ஒரு மழைக்காலம்தான்.

எனாமலை நான் ஒதுக்கிவிடவில்லை, வாஷுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பை மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து, முகப்பு கிரில்லின் ஒன்பது பிளவுகளின் ஓரத்தில் தொட்டால் போதும். அது தானாகவே மூலைகளில் ஓடி நிற்கிறது. மிகுதியை அரை மணி கழித்து டர்பன்டைன் தோய்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தேன். இறுகிய அக்ரிலிக் அடிவண்ணம் அசையவில்லை. அதே வாஷை எனாமல் அடிவண்ணத்தின் மேல், இடையில் வார்னிஷ் இல்லாமல் செய்திருந்தால், டர்பன்டைன் அடிவண்ணத்தையும் சேர்த்து இழுத்துவந்திருக்கும்.