கார் டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னியை வைத்தவன் யார்?

போன வாரம் இங்கே மஸ்கட்டில், வாதி கபீரில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, காரின் பூட் (டிக்கி) அடிப்பலகையை மாற்றினேன். பழையது நடுவில் விரிசல் விட்டுத் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது என் தப்பு. ஆபீஸ் தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இந்த மாடல் செகண்ட் ஹேண்ட்ல நல்லா விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா? பாலைவனத்துக்கெல்லாம் குடும்பத்தோட போறீங்களே, அந்தச் சின்ன வண்டியில எப்படி அடைக்கிறீங்க?"

அவனுக்காகத்தான் இது. சிசி, மைலேஜ் எல்லாம் அவனே பார்த்துவிட்டான். நான் ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன். வெயில் தணிந்த பிறகு, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில், வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம். கடந்த ஜனவரியில் மஸ்கட்டில் கிளம்பி, ஓமானுக்குள்ளேயே அல் கலூஃப், துக்ம், ஹைமா என்று சுற்றி வந்தோம். ஐந்து இரவும் கூடாரம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். இந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரும் பகுதியைத் தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே தூக்கி நிறுத்தலாம். ஒரு பக்கம் பையன், மறுபக்கம் தூக்கிய சீட், அந்தப் பள்ளத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று நின்றவாக்கில் உட்காருகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று நான் வைத்திருக்கும் கணக்குப்படி மூன்று பேருக்கு ஐந்து நாளைக்கு 75 லிட்டர். துக்மில் நிரப்பிக்கொள்ளலாம்தான், ஆனால் குறைவாக எடுத்துக்கொண்டு கிளம்ப எனக்கு மனசு வராது. மிச்சம் 15 லிட்டர் ஐந்து லிட்டர் கேன்களாகப் பையன் காலடியில். பருமனான ஆள் ஒருவரைக் கூடவே ஏற்றிக்கொண்ட மாதிரிதான். ஆனால் அந்த ஆள் வண்டியின் நடுவில், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறார். திருப்பத்தில் ஆடுவதில்லை, ஸ்பீட் பிரேக்கரில் பின்பக்கம் தரையில் உரசுவதுமில்லை. முதல் வருடம் எல்லாத் தண்ணீரையும் பூட்டில் ஏற்றினேன். ராத்திரி என் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது. பலகையில் விரிசல் விழுந்ததும் அந்தப் பயணத்தில்தான், அது வண்டியின் குற்றமில்லை.

சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். எல்லாம் துணிப்பை, சந்து பொந்துகளில் திணிக்க வசதி. குக்கருக்குள் பருப்பு, பருப்புக்கு நடுவில் டீத்தூள் டப்பா. தோசைக்கல்லுக்காக மனைவியோடு வருடா வருடம் சண்டை, வருடா வருடம் தோசைக்கல் வருகிறது. அல் கலூஃப் வரை தார் ரோடு. அதைத் தாண்டியிருக்கும் வெள்ளை மணல்மேடுகள் ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு. கடற்கரை ஓரமாகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம் என்று டயர் காற்றை 32-லிருந்து 18 பிஎஸ்ஐக்கு இறக்கி முயன்றேன், நாற்பது அடி போவதற்குள் புதைந்தது. மீனவர் ஒருவர் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

இப்போது ஸ்டெப்னி.

துக்மிலிருந்து ஹைமா போகும் வழி ஜித்தத் அல் ஹராசீஸ் என்ற கல்தரைச் சமவெளி. காட்டில் அற்றுப்போயிருந்த அரேபிய ஓரிக்ஸ் மானை 1982-இல் மறுபடி கொண்டுவந்து விட்டது இந்தச் சமவெளியில்தான். ராத்திரி கடலிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது, அந்த ஈரத்தை நம்பித்தான் அங்கே செடிகொடி பிழைக்கிறது. செடிக்கு நல்லது. என் கூடாரம் காலையில் துவைத்துப் பிழியாத போர்வை மாதிரி இருந்தது. ஈரக் கூடாரம் அதன் உறைக்குள் போகாது. எனவே அதைச் சுருட்டி எல்லாவற்றுக்கும் மேலே திணித்து, முழங்காலால் பூட் கதவை அழுத்தி மூடி, கூழாங்கல் பாதையில் உருட்டிக்கொண்டு வந்து தார் ரோட்டில் ஏறினால் இடது பின் டயர் காலி.

ஸ்டெப்னி எங்கே? பூட்டுக்கு அடியில். ஜாக் எங்கே? அதற்கும் அடியில். ஈரக் கூடாரம், மூன்று மெத்தை, அடுப்பு, குக்கர், அந்தத் தோசைக்கல், துணிப்பைகள், வெங்காயம், நாற்காலி மூன்று எல்லாம் ரோட்டோரம் இறங்கின. பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் துணி பறந்தது, பையன் ஓடி ஓடிப் பொறுக்கினான். யாரோ குடும்பத்தோடு கடை விரித்திருக்கிறார்கள் என்று ஒரு பிக்கப் நின்று பார்த்துவிட்டுப் போனது. கடைசியாகப் பலகையைத் தூக்கும்போது கண்ணாடி பாட்டில் சரிந்து உடைந்தது. உள்ளே மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி, மொத்தமும் ஸ்டெப்னி குழிக்குள். குப்பூஸ் ரொட்டியில் நல்லெண்ணெயோடு தடவிச் சாப்பிட வைத்திருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வெளியே எடுத்தது சைக்கிள் சக்கரம் போல ஒரு ஒல்லி டயர். 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஹைமா வரை பொடி வாசனையோடு, லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப்போக, மாட்டு வண்டி கணக்காக ஊர்ந்தோம். இறக்கியதெல்லாம் திரும்ப ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே சாமான், அதே பூட், ஆனால் ஒரு நாற்காலி மிஞ்சிவிட்டது, அதை மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஞ்சரான பெரிய டயர் அந்தக் குழிக்குள் போகாது என்பது அப்போதுதான் தெரிந்தது, அது பையன் பக்கத்தில் கேன்களின் தலையில் ஏறியது.

அதற்குப் பிறகு ஜாக்கும் ஸ்பானரும் முன் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. பஞ்சர் ஒட்டும் கிட்டும், சிகரெட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசரும் எப்போதும் சாமானுக்கு மேலே. ஆணி, கல் குத்தின ஓட்டை என்றால் டயரைக் கழற்றாமலே ஒட்டிக்கொண்டு போகலாம். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் மறுபடி கடை விரிக்க வேண்டியதுதான். பெரிய டயரைக் கூரையில் கட்டலாமே என்பார்கள். மெத்தைகளைக் கட்டிப் பார்த்தேன், காற்று ஊளையிட்டதில் பாதி வழியிலேயே இறக்கிவிட்டேன்.

எனவே தம்பி, சீட் அருமை, வண்டி ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை, ஏசி பிரமாதம், பெட்ரோல் முகர்ந்து பார்த்தே ஓடுகிறது. வாங்காதே. பலகை மாற்றும்போது குழியை மூன்று முறை வாக்குவம் போட்டேன், இன்னும் வெயிலில் நின்றால் மிளகாயும் பெருங்காயமும் மணக்கிறது. பையனுக்குப் பசி எடுக்கிறதாம். அப்புறம், என் வண்டியை விற்பதாக உன்னிடம் யார் சொன்னது? டிசம்பரில் சலாலா போகிறோம்.